நிர்வாகியின் அனுமதி தேவை

‘நிர்வாகியின் கடவுச்சொல்லை உள்ளிடவும்’ என்றது கணினி. திரை முழுக்க இருண்டு, நடுவில் அந்தப் பெட்டி மட்டும் வெளிச்சமாக நின்றது.

மூன்று மணிக்கு அவளுக்கு ஒரு வேலைக்கு வீடியோ நேர்முகம். அதற்கான மென்பொருளை ஏற்றி வைத்துக்கொள்ளச் சொல்லி முந்தின நாளே மின்னஞ்சல் வந்திருந்தது. ஒரு தட்டுத் தட்டினால் முடிகிற காரியம்தானே என்று விட்டுவைத்தாள். வீட்டில் கணினியோடு மல்லுக்கட்டுகிறவர்களுக்கு ஃபோனில் வழி சொல்கிற வேலை அது. அதற்குத் தன்னைவிடப் பொருத்தமான ஆள் கிடைப்பது கஷ்டம் என்பது அவள் அபிப்பிராயம். பிறந்த வீடு, புகுந்த வீடு இரண்டிலும் எத்தனை கணினி உண்டோ அத்தனைக்கும் அவள்தான் வைத்தியர். ‘ஆஃப் பண்ணிட்டு ஆன் பண்ணுங்க’, ‘அந்த லிங்க்கைத் தொடாதீங்க’, ‘ஃபோட்டோவை இன்னொரு இடத்துலயும் காப்பி எடுத்து வைங்க’ என்று சம்பளமில்லாமல் சொல்லிச் சொல்லி ‘கம்ப்யூட்டர் அண்ணி’ என்ற பட்டமும் வாங்கியாகிவிட்டது. ஆனால் கம்ப்யூட்டர் அண்ணியின் சொந்தக் கணினிக்கு நிர்வாகி அவள் கணவன். வாங்கின அன்றைக்கே அவளைச் சாதாரணப் பயனராகச் சேர்த்துவிட்டான். “உன் நல்லதுக்குத்தாம்மா. தெரியாம எதையாவது அழுத்திட்டா வைரஸ் வந்துடும்” என்றான். அப்போது அவளுக்குச் சிரிப்புதான் வந்தது.

அலுவலகத்தில் இருந்தவனை ஃபோனில் கூப்பிட்டாள்.

“என்னங்க, ஒரு சாஃப்ட்வேர் போடணும். உங்க பாஸ்வேர்டு கேக்குது.”

“என்ன சாஃப்ட்வேர்? உனக்கு எதுக்கு அது?”

வேலைக்கு என்று சொன்னால், வேலையா, உனக்கு எதுக்கு அது என்று அடுத்த சுற்று ஆரம்பிக்கும். “சும்மாதான், வீடியோவுல பேசறதுக்கு” என்றாள்.

“சாயங்காலம் பாத்துக்கலாம். அதுக்குள்ள எதையும் நோண்டி வைக்காதே, என்ன?”

அவன் கெட்டவனில்லை. அதுதான் சிக்கலே. ஒரு நாளும் குரலை உயர்த்திப் பேசினதில்லை. கேட்டதை வாங்கித் தருவான், கேட்காததையும் வாங்கித் தருவான். கார் ஓட்டக் கற்றுக்கொள்கிறேன் என்றபோதும், வங்கியில் தன் பெயரில் தனியாக ஒரு கணக்கு வேண்டும் என்றபோதும், அதே மூன்று சொற்கள், அதே கனிவோடு. சத்தம் போட்டிருந்தால் பதிலுக்குச் சத்தமாவது போட்டிருக்கலாம். இந்த மனிதனைப் பற்றி யாரிடம் போய் என்னவென்று சொல்வது? பஞ்சு வைத்துத் தைத்த கதவைத் தட்டுகிற மாதிரி. சத்தமே வராது, கை ஓய்ந்துபோவதுதான் மிச்சம்.

ஃபோன் அடித்தது. நாத்தனார்.

“அண்ணி, என் கம்ப்யூட்டர் உள்ளயே விட மாட்டேங்குது. பாஸ்வேர்டு தப்பாம்.”

“கேப்ஸ் லாக் எரியுதா பாரு.”

“ஐயோ, ஆமா... ஆங், வந்துடுச்சு! நானும் காலையிலேருந்து ‘எழுந்திருடா நேரமாச்சு’, ‘எழுந்திருடா நேரமாச்சு’ன்னு அடிச்சு விரலே ஒடிஞ்சுபோச்சு.”

“பாஸ்வேர்டை யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னு சொன்னேன்ல?”

“உங்ககிட்ட என்ன அண்ணி? நீங்க சொல்லிக் குடுத்ததுதானே. பேரும் வேணாம், பொறந்த நாளும் வேணாம், தினமும் வாயில வர்ற வாக்கியத்தை அப்படியே இங்கிலீஷ் எழுத்துல அடி, மறக்கவே மறக்காதுன்னு. அண்ணன்கூட அப்படித்தான் வச்சிருக்காராம்.”

ஃபோனை வைத்தாள். எந்த வாக்கியம் என்று அந்த நொடியே தெரிந்துவிட்டது. தெரிந்தும் அடிக்க மனம் வரவில்லை. முதலில் ‘சாயங்காலம் பாத்துக்கலாம்’ என்று அடித்தாள். தவறு என்றது. ‘எதையும் நோண்டாதே.’ அதுவும் தவறு. இதில் ஒன்றாக இருந்துவிடக் கூடாதா என்று ஏங்கிக்கொண்டேதான் அடித்தாள். பெரிய முள் பன்னிரண்டை நோக்கி ஏறிக்கொண்டிருந்தது. வேறு வழியில்லாமல், ஒவ்வொரு எழுத்தாகத் தேடி, தன் விரலாலேயே அடித்தாள். உனக்கு எதுக்கு அது.

பெட்டி மறைந்தது. மென்பொருள் சமர்த்தாக ஏறத் தொடங்கியது. திறந்ததற்குச் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும்; முடியவில்லை. மறக்கவே மறக்காது என்று நம்பி, இத்தனை வாக்கியங்களில் இதைத்தான் அவன் எடுத்து வைத்திருக்கிறான்.

முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். திரையில் கண்ணாடி போட்ட ஒரு பெண் அதிகாரி தெரிந்தாள். நல்ல சிரிப்பு.

“வணக்கம். இத்தனை வருஷம் வீட்லயே இருந்திருக்கீங்க. இப்போ உங்களுக்கு எதுக்கு இந்த வேலை?”

சாதாரணமாகத்தான் கேட்டாள். இவளுக்கு அடிவயிற்றிலிருந்து பதில் கிளம்பி வந்தது. யாரிடமும் சொல்லாமல் சேர்த்து வைத்திருந்த பதில். மூச்சு விடாமல் சொன்னாள். கண் கலங்கினதைக்கூட மறைக்கவில்லை. சொல்லி முடித்ததும் அந்தப் பெண் தன் காதைத் தொட்டுக் காட்டினாள்.

“எதுவுமே கேக்கலையே. மைக்கைக் கொஞ்சம் பாருங்களேன்.”

யாராவது ஒட்டுக்கேட்டுவிடுவார்கள் என்று அவன் மைக்கை மொத்தமாக அணைத்து வைத்திருந்தான். அதுவும் கம்ப்யூட்டர் அண்ணி ஊருக்கெல்லாம் சொன்ன யோசனைதான். செட்டிங்ஸுக்குள் போய் அதைத் தட்டினாள். திரை இருண்டது. அந்தப் பெண்ணின் முகம் போய், நடுவில் மறுபடியும் அதே பெட்டி.

“ஒரு நிமிஷம்” என்றாள், அந்தப் பெண்ணுக்குக் கேட்காது என்று தெரிந்தும்.

இந்த முறை விரல்கள் எழுத்துகளைத் தேடவில்லை. பெட்டிக்குள் கறுப்புப் புள்ளிகள் ஒவ்வொன்றாக வந்து வரிசையில் நின்றன.