படகின் பெயர் ரோஸலிண்ட்

முதல் எழுத்து பஞ்சோடு வந்துவிட்டது.

சந்திரவதனா கையை அப்படியே நிறுத்தினாள். குச்சி நுனியில் சுற்றியிருந்த பஞ்சில் வழக்கமான மஞ்சள் இருந்தது. அது பழைய வார்னிஷ். அதனோடு கறுப்பும் பொன்னிறமும் கலந்திருந்தன. வரக்கூடாத நிறங்கள் அவை.

1988 மார்ச் மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை. லண்டனின் கிளாப்பத்தில், ஒரு காலத்தில் குதிரை லாயமாக இருந்த கட்டடத்தில், பழைய ஓவியங்களைச் சுத்தம் செய்து திருத்தும் கூடம் ஒன்றை ஹிலரி என்ற ஆங்கிலேயப் பெண் நடத்திவந்தாள். சந்திரவதனா அங்கே வேலைக்குச் சேர்ந்து மூன்று வருடம். இலங்கையில் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் இரசாயனம் படித்தவள். அந்தப் பட்டத்தைக் காட்டி லண்டனில் எத்தனையோ இடங்களில் வேலை கேட்டாள். ஹிலரி மட்டுமே அவளை உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தாள்.

தாங்கியில் நின்ற படம் 1860களில் வரையப்பட்டது. வைற் தீவுக்கு அருகில் நடந்த பாய்ப்படகுப் போட்டி. இரண்டு ஒற்றைப் பாய்மரப் படகுகள் காற்றில் ஒரு பக்கமாகச் சரிந்து, ஒன்றை ஒன்று இடிப்பதுபோல் நெருங்கி வந்தன. முன்னால் போகும் படகின் கறுத்த பின்பலகையில் பொன் எழுத்துகளில் ரோஸலிண்ட் என்று எழுதியிருந்தது. ரோஸலிண்ட் பெயர்பெற்ற போட்டிப் படகு; அந்தப் பெயர்தான் படத்தின் விலை. பெயரில்லாவிட்டால் அது ஏதோ இரண்டு படகுகளின் படம்.

அவள் பூதக்கண்ணாடியை இறக்கிப் பார்த்தாள். பயன்படுத்திய கரைப்பான் மிக மென்மையானது. படத்தின் ஓரத்தில் மூன்று இடங்களில் சோதித்த பிறகே உள்ளே வந்திருந்தாள். நூற்றிருபது வருடம் காய்ந்த எண்ணெய் வர்ணத்தை அது அசைக்காது. அப்படியென்றால், இந்த எழுத்து பழையதல்ல. அல்லது அவள் ஏதோ பெரிய பிழை செய்துவிட்டாள்.

 இருந்தும் இன்னொரு பஞ்சை எடுத்து அடுத்த இரண்டு எழுத்துகளின் மேல் மெல்ல உருட்டினாள். எழுத்துகளும், அவற்றின் பின்னால் இருந்த கறுப்பும் சேர்ந்தே வந்தன. அடியில் இன்னொரு கறுப்பு, வெடிப்பு விழுந்த உண்மையான பழைய கறுப்பு, தெரிந்தது. அதில் மங்கலாக மூன்று ஆங்கில எழுத்துகள். ஐடா.

அவள் குச்சியைக் கீழே வைத்துவிட்டு ஹிலரியைக் கூப்பிட்டாள்.

ஹிலரி வந்து பார்த்தாள். பூதக்கண்ணாடியைத் தொடவே இல்லை.

"நிறுத்து. இனி அதைத் தொடாதே" என்றாள் ஆங்கிலத்தில். "வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு கிரெஸ்வெல் ஆளைக் கூட்டிக்கொண்டு வருகிறான். அதற்குள் அந்த மூன்று எழுத்தையும் திரும்ப எழுதிவிடு."

கிரெஸ்வெல் படத்துக்குச் சொந்தக்காரன், படங்களை வாங்கி விற்கும் வியாபாரி. கூடத்துக்கு வரும் வேலையில் பாதி அவனுடையது.

"அடியில் வேறு பெயர் இருக்கிறது, ஹிலரி."

"பார்த்தேன். அதை மூடிவிடு."

"வாங்க வருபவர்..."

"அவருடைய கொள்ளுத்தாத்தாவின் படகு ரோஸலிண்ட். ஏழு வருடமாக அதன் படம் ஒன்றைத் தேடுகிறார். கிடைத்தால் சந்தோஷப்படுவார். யாருக்கு நட்டம்?" ஹிலரி கதவுவரை போய்த் திரும்பினாள். "உள்துறைக்கு எழுதவேண்டிய உன் கடிதம் என் மேசையில் இருக்கிறது. நான் மறக்கவில்லை."

அன்பாகச் சொன்னாளா, மிரட்டினாளா என்று சந்திரவதனாவுக்கு விளங்கவில்லை. அந்த மாதக் கடைசிக்குள் கடிதம் போகவேண்டும். அவளுடைய வேலை அனுமதி நீடிக்கப்பட்டால்தான் அவளும் கணவனும் இந்த நாட்டில் இருக்க முடியும்.

டூட்டிங்கில் ஒரு கடைக்கு மேலே அவர்களுக்கு ஓர் அறை. பாலேந்திரா பெற்றோல் நிலைய வேலை முடிந்து வந்து சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் கதை முழுவதையும் கேட்டான்.

"மூண்டெழுத்துத்தானே? எழுதிவிடுமன்."

"அது பொய்யப்பா."

"இஞ்சை எது மெய்? என்ரை சட்டையிலை ஒரு பேர் குத்தியிருக்கிறாங்கள், பாருமன். பால் எண்டு. நான் பாலோ?"

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அவனுக்கு வரவில்லை.

"வதனா, கடிதம் போகாட்டி ரெண்டு பேரும் வெளிக்கிட வேணும். எங்கை போறது? ஷெல்லடிச்ச பிறகு கொக்குவிலிலை எங்கடை வீடு நிக்குதோ?"

"நிக்கேல்லை எண்டு எனக்குத் தெரியாதே?"

"தெரிஞ்சால் ஏன் இந்தக் கதை? ஆரோ ஒரு வெள்ளைக்காரன்ரை பாட்டன்ரை வள்ளம். அதுக்கு என்ன பேர் இருந்தா உமக்கென்ன?"

 அவளுக்குக் கடலும் தெரியாது, வள்ளமும் தெரியாது. ஊர்காவற்றுறைக்குப் போகிற மோட்டார் லோஞ்சில் ஏறினாலே சத்தி எடுப்பவள். ஆனால் அந்த மூன்று எழுத்துகள் கண்ணுக்குள் நின்றன. யாரோ ஒருவன், அந்தப் படகைக் கண்ணால் கண்டவன், அதன் பெயரை எழுதியிருக்கிறான்.

புதன்கிழமை அவள் தூரிகையைத் தொடவில்லை. சுத்தம் செய்யத் தொடங்குமுன் எடுத்த புகைப்படங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பெயரின் முதல் எழுத்தான ஆர், அதன் சாய்ந்த கால் சற்று நீண்டு நுனியில் மேலே வளைந்திருந்தது. எங்கேயோ கண்ட வளைவு. கரைப்பான் எடுக்க அலுமாரியைத் திறந்தபோது போத்தல்களில் ஒட்டியிருந்த சீட்டுகளைப் பார்த்தாள். ஒவ்வொரு சீட்டிலும் அதே ஆர், அதே கால். எல்லாம் ஹிலரியின் கையெழுத்து.

புகைப்படத்தைக் கொண்டுவந்து ஒரு சீட்டோடு சேர்த்துப் பிடித்துப் பார்த்தாள். திரும்பியபோது ஹிலரி பின்னால் நின்றாள்.

"பன்னிரண்டு வருடத்துக்கு முன்பு" என்றாள் ஹிலரி. "என் கணவன் இறந்த வருடம். கூடத்தை மூடும் நிலை. கிரெஸ்வெல் கேட்டான், எழுதினேன். யாருக்கோ விற்றான். அவர் செத்து, படம் திரும்பவும் அவனிடமே வந்துவிட்டது. வார்னிஷ் மஞ்சளாகிவிட்டது என்று இங்கே அனுப்பியிருக்கிறான். பெயரைச் சுற்றி விட்டுவிட்டுச் சுத்தம் செய் என்று நான் உன்னிடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்ல வாய் வரவில்லை."

"நான் எழுத மாட்டேன், ஹிலரி."

"சரி. நானே எழுதுகிறேன்."

வெள்ளிக்கிழமை காலையில் சந்திரவதனா வந்தபோது ஹிலரி படத்தின் முன்னால் உட்கார்ந்திருந்தாள். கடந்த வருடத்திலிருந்தே அவள் கை நடுங்கத் தொடங்கியிருந்தது. நுண்ணிய வேலை எல்லாம் சந்திரவதனாவிடம் வந்ததும் அதனால்தான். இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு ஆர் எழுத முயன்றிருந்தாள். பின்பலகையில் பொன்னிறம் புழுப்போல நெளிந்து கிடந்தது.

அறுபத்திரண்டு வயதுப் பெண் தலையைக் குனிந்துகொண்டாள். "முடியவில்லை."

சந்திரவதனா அவள் கையிலிருந்து தூரிகையை வாங்கினாள். ஹிலரியின் முகத்தில் நம்பிக்கை எழுந்தது. சந்திரவதனா தூரிகையைக் கழுவி வைத்தாள். பஞ்சை எடுத்து, காயாத அந்தப் பொன்னிறத்தைத் துடைத்தாள். பழைய மூன்று எழுத்துகளும் மறுபடி வெளியே வந்தன. ஹிலரி எழுந்து தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள்.

மூன்று மணிக்குச் சற்று முன்பே கிரெஸ்வெல் வந்தான். கூட வந்தவர் லாங்ஃபோர்ட், ஓய்வுபெற்ற வைத்தியர், ஊன்றுகோலோடு நடந்தார். கிரெஸ்வெல் படத்தைப் பார்த்தான். அவன் கழுத்தில் சிவப்பு ஏறியது.

"இது என்ன?"

ஹிலரி கதவைத் திறந்துகொண்டு வந்தாள். அவனுடைய முகத்தைப் பார்த்தாள். பிறகு நிலத்தைப் பார்த்தபடி சொன்னாள்: "உதவியாளர் தவறுதலாகச் சற்று ஆழமாகத் துடைத்துவிட்டாள்."

 மூன்று வருடத்தில் ஒரு படத்திலும் சந்திரவதனா ஒரு கீறல் போட்டதில்லை. கிரெஸ்வெல் அவள் பக்கம் திரும்பினான். "உனக்குத் தெரியுமா நீ என்ன செய்தாய் என்று? எங்கே படித்தாய் நீ?"

ஒரு சொல் சொன்னால் போதும். ஹிலரியைக் காட்டிக்கொடுத்துவிடலாம். போத்தல்கள் அலுமாரியில்தான் இருந்தன. கடிதமும் அந்த அறையில்தான் இருந்தது; இன்னும் கையெழுத்தாகவில்லை என்றே அவள் நினைத்தாள்.

"ஐயா, இரண்டு நிமிடம் தாருங்கள்" என்று லாங்ஃபோர்டிடம் சொன்னாள்.  கூடத்து விளக்கை அணைத்து, திரைச்சீலைகளை இழுத்து மூடினாள். புறஊதா விளக்கைக் கொண்டுவந்து போட்டாள்.

இருட்டில் படத்தின் சுத்தம் செய்யாத பாதி பாசி பிடித்த குளம்போலப் பச்சையாக ஒளிர்ந்தது. அந்தப் பச்சையின் மேல், அவள் தொடாமல் விட்டிருந்த மற்ற ஐந்து எழுத்துகளும் அவற்றின் பின்னிருந்த கறுப்பும் ஒரு திட்டாக, மை கொட்டியதுபோல் தெரிந்தன.

"பச்சையாகத் தெரிவது பழைய வார்னிஷ். கறுப்பாகத் தெரிவது அதன் மேலே பூசப்பட்டது. படம் வரைந்து, வார்னிஷும் பூசி, பல வருடம் கழிந்த பிறகுதான் ரோஸலிண்ட் என்று எழுதியிருக்கிறார்கள். அடியில் இருக்கும் பெயர்தான் வரைந்தவர் எழுதியது. நான் எதையும் அழிக்கவில்லை."

 கிழவர் குனிந்து, மூக்கு படத்தில் முட்டுமளவு கிட்டப் போய்ப் பார்த்தார்.

"யார் எழுதியது?" என்று கேட்டார்.

 ஹிலரியின் பெயர் சந்திரவதனாவின் நாக்கு வரைக்கும் வந்தது. கிரெஸ்வெல் தொண்டையைச் செருமினான். ஏதோ சொல்லப் போகிறான்.

"நான்தான்" என்றாள் ஹிலரி இருட்டுக்குள்ளிருந்து. "இவன் கேட்டான், நான் எழுதினேன். அந்தப் பெண்மீது பிழையில்லை. சற்று முன் சொன்னது பொய்."

லாங்ஃபோர்ட் நிமிர்ந்து தொப்பியைப் போட்டுக்கொண்டார். கிரெஸ்வெலின் பக்கம் பார்க்கவே இல்லை. வாசலில் நின்று, "ஐடா" என்று ஒருமுறை சொல்லிப் பார்த்தார். "யாருடைய படகோ, பாவம்" என்றார். வெளியே வாடகைக் காரின் கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

கிரெஸ்வெல் அன்றே படத்தை எடுத்துக்கொண்டு போனான். சுத்தம் செய்து முடித்துத் தருகிறேன் என்று சந்திரவதனா கேட்டுப் பார்த்தாள். அவன் விடவில்லை. பாதிக் கடல் சாம்பல் கலந்த நீலமாகவும், மற்றப் பாதி தேநீர்க் கறை பிடித்ததாகவும் அந்தப் படம் கூடத்தை விட்டு வெளியேறியது.

அவன் போன பிறகு ஹிலரி கடிதத்தைக் கொண்டுவந்து மேசையில் வைத்தாள். கையெழுத்து இருந்தது.

"நேற்றே போட்டுவிட்டேன்" என்றாள். "நீ எழுதினாலும் எழுதாவிட்டாலும் தருவதற்குத்தான். பிறகு ஏன் உன்மேல் பழியைப் போட்டேன் என்று எனக்கே தெரியவில்லை."

 சந்திரவதனா கடிதத்தை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, மேலங்கியைப் போட்டுக்கொண்டு வெளியே வந்தாள். நிலக்கீழ் ரயில் நிலையப் படியில் பாதி தூரம் இறங்கினாள். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்று அழுதாள்.

மே மாதத்தில் ஒரு வருட நீடிப்பு வந்தது. கிரெஸ்வெலின் வேலை இல்லாமல் கூடம் ஓகஸ்ட் வரைக்கும்தான் தாங்கியது. ஹிலரி டெவனில் இருக்கும் தங்கையிடம் போய்விட்டாள். சந்திரவதனா அலைந்து திரிந்து, அனுமதி முடிய ஆறு வாரம் இருக்கையில், ஒரு மருத்துவமனை ஆய்வுகூடத்தில் வேலை எடுத்தாள். வேலை தேடி அலைந்த அந்த மாதங்களில் பாலேந்திரா அவளோடு சரியாகப் பேசவில்லை.

அவள் செய்தது பிழை என்றுதான் அவன் இன்றைக்கும் சொல்வான். ஆனால் வீட்டுக்கு யாராவது விருந்தாளிகள் வந்துவிட்டால் அந்தக் கதையை அவன்தான் தொடங்குவான், அதுவும் அவள் கூடத்து விளக்கை அணைத்த இடத்திலிருந்து.