ஆறு பின்பக்கம் போன காலை

பல் துலக்க வாசலுக்கு வந்தேன்; ஆற்றைக் காணோம். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தேன். அப்போதும் காணோம். ஈரக் கூழாங்கற்களும், பாறைக் குழிகளில் கொஞ்சம் தண்ணீரும், வழி தவறிய சில மீன்களும்தான் கிடந்தன.

வீட்டின் பின்பக்கம் போனால், அங்கே ஓடிக்கொண்டிருந்தது. என் வீட்டை மூன்று பக்கமும் வளைத்துப் போகிற ஆறு அது. நாலாவது பக்கம், பின்னால், ஒரு பாறைச் சுவர். சுற்றிப் போக அலுத்துப்போன தண்ணீர், சுவரின் அடியில் இருந்த விரிசலை விடாமல் அரித்துவந்தது. மணலைக் கொண்டுவந்து தேய்க்கும், சரளைக் கல்லை உருட்டிக் குடையும். முதலில் விரல் நுழைந்தது, பிறகு கை. ஒருமுறை அதற்குள் போன ஆட்டுக்குட்டி மறுபக்கம் தாடியோடு வெளியே வந்தது என்றால் நம்பமாட்டீர்கள். நம்ப வேண்டாம், தாடி ஒன்றும் அவ்வளவு நீளமில்லை. நேற்றைய வெள்ளத்தில் பாறை வழிவிட்டுவிட்டது.

இதில் எனக்கு ஒரு சிக்கல். எதிர்க்கரையில் இருப்பவர் என் மச்சான், மனைவியின் அண்ணன். அவள் போய்ச் சேர்ந்த பிறகு அவளுடைய தையல் மிஷினை ஞாபகத்துக்கு என்று கேட்டார், நான் தரவில்லை. “இந்தத் தண்ணியத் தாண்டி இனி உன் வாசல மிதிச்சேன்னா பாரு” என்றார். மிதிக்கவில்லை. அவருக்கும் ஆளில்லை, எனக்கும் இல்லை. காலையில் அவர் அங்கே இருமுவார்; நான் இங்கே இருமுவேன். வருஷக்கணக்கில் எங்கள் பேச்சுவார்த்தை அவ்வளவுதான். மற்ற நேரம் மிஷினை வெறுமனே மிதித்துக்கொண்டிருப்பேன். வீட்டில் யாரோ வேலையாக இருப்பதுபோல் கேட்கும்.

இப்போது நடுவில் தண்ணீர் இல்லை. அவர் வந்தால் சபதம் உடையாது. வராவிட்டால், பழிபோட ஆறும் இல்லை. என்னைப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான் என்றாகிவிடும்.

அவர் வெளியே வந்தார். வெகுநேரம் பார்த்தார்.

“ஏ மாப்ள, ஆறு எங்க?”

“பின்னாடி போயிருக்கு. வந்தா சொல்றேன்.”

“யாரக் கேட்டு என் கரைல வந்து வீட்டப் போட்டு உக்காந்திருக்க?”

“நான் எங்க வந்தேன் மச்சான்? இருந்த எடத்துலதான் இருக்கேன். சந்தேகம்னா வீட்டையே கேளுங்க.”

“எல்லாம் தேஞ்சும் உனக்கு வாய் மட்டும் தேயல.”

“தேய்க்க ஆள் வேணுமே.”

அவர் சிரிக்கவில்லை. கற்களைப் பார்த்துக்கொண்டே கேட்டார்:

“அப்பப்ப மிஷின் சத்தம் கேக்குது. என்னதான் தைக்கிற?”

எனக்குப் பொய் சொல்ல வராமல் போவது அபூர்வம்.

“ஒண்ணும் தைக்கல மச்சான். நூலே கிடையாது.”

உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். சரிதான் என்று நானும் திரும்பினேன். கதவு மறுபடி திறந்தது. கால்சட்டையை முழங்கால்வரை சுருட்டிவிட்டு, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, கரையிலிருந்து இறங்கினார். கணுக்கால் நனையக்கூட அங்கே தண்ணீர் இல்லை. ஒவ்வொரு அடியையும் துழாவித் துழாவி வைத்தார். பாதித் தூரத்தில் நின்றார், இல்லாத நீரோட்டம் இழுத்துவிடாதபடி உடம்பை ஒரு பக்கமாகச் சாய்த்துக்கொண்டு.