அருளப்பன் செரிக்கவில்லை

செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்கு அருளப்பனை அலுவலகம் விழுங்கிவிட்டது. தான் இருப்பதாகச் சான்றிதழ் வாங்கப் போனவர். வியாழக்கிழமை வரை திரும்பாததால் அவர் மனைவி பிலோமினா அரை நாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டுக் கிளம்பினாள். ஒன்பதாம் வகுப்புக்கு அறிவியல் டீச்சர் அவள்.

அலுவலகத்துக்குள் வெதுவெதுப்பாக இருந்தது. சுவரைத் தொட்டால் கையில் ஈரம் ஒட்டியது. நடைபாதை நேராகத்தான் தொடங்கியது. பிறகு வளைந்தது, மடிந்தது, மறுபடி வளைந்தது. மொத்தம் இருபது அடி இருக்கும் என்று பிலோமினா கணித்தாள். பாடப் புத்தகத்தில் சிறுகுடலுக்கும் அவ்வளவுதான் போட்டிருந்தது.

முடிவில் ஒரு மேசை. அதன் பின்னால் எழுத்தர் ஒருவர். இடுப்புக்குக் கீழே அவரும் நாற்காலியும் ஒன்றாகிவிட்டிருந்தார்கள்.

"யாரைப் பாக்கணும்?"

"எங்க வீட்டுக்காரரை. அருளப்பன். செவ்வாய்க்கிழமை உள்ள வந்தாரு."

"செவ்வாயா? அப்போ செரிச்சிருக்கும்மா. ரெண்டு நாளைக்கு மேல நாங்க யாரையும் வச்சிருக்கிறதில்ல."

"நாங்கன்னா யாரு?"

"நாங்கன்னா நாங்கதான். நாங்களும் சான்றிதழ் வாங்க வந்த ஆள்தான். பதினோரு வருஷம் ஆச்சு. அப்போ எங்களுக்குச் சின்னதா ஒரு மீசைகூட இருந்துச்சு."

அவர் காட்டிய பெஞ்சில் அருளப்பன் உட்கார்ந்திருந்தார். விளிம்பெல்லாம் மங்கிப் போயிருந்தது. ஆனால் சட்டைப் பையிலிருந்து சின்னச் சின்னக் குமிழ்கள் கிளம்பிக்கொண்டிருந்தன. பிலோமினா குனிந்து மோந்து பார்த்தாள்.

"இவரு செரிக்கல," என்றாள். "புளிக்கிறாரு."

"ரெண்டும் ஒண்ணுதானே? எப்படியும் ஆள் உடைஞ்சு போறாரு."

இந்தப் பதிலுக்குத்தான் அவள் இருபது வருடமாக முட்டை மதிப்பெண் போட்டுவருகிறாள்.

"ஒண்ணு இல்ல சார். செரிச்சா, உடைஞ்சதெல்லாம் தின்னவனுக்குப் போய்ச் சேரும். நொதிச்சா, நுண்ணுயிருங்க தங்களுக்காக உடைக்கும். தின்னவனுக்கு வாயுவும் புளிப்பும்தான் மிச்சம்."

"ஆதாரம்?"

"கதவு ஜன்னலைச் சாத்துங்க. காத்து படாம இருக்கட்டும். பொங்கினா என் ஆள். அடங்கினா உங்க ஆள்."

எழுத்தர் விதிப் புத்தகத்தைப் புரட்டினார். ஜன்னலைச் சாத்தக் கூடாது என்று எங்கும் இல்லை. சாத்தினார்.

பிலோமினா கணவன் கையைப் பிடித்துக்கொண்டாள். பிசுபிசுவென்று அவள் விரல்கள் உள்ளே இறங்கின. பாடம் தப்பாக இருந்தால் என்ன செய்வது என்று முதல் முறையாக அவளுக்குப் பயம் வந்தது. இருந்தாலும் கையை விடவில்லை.

"ஏங்க, நான் யாரு?"

"பிலோமி," என்றார் அருளப்பன். கூடவே ஒரு குமிழும் வந்தது.

"நீங்க யாரு?"

அவர் வெகுநேரம் யோசித்தார். எழுத்தர் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டார்.

"நா..." என்றார் அருளப்பன்.

எழுத்தர் எழுதத் தொடங்கினார்.

"நா..."

பிலோமினா கண்ணை மூடிக்கொண்டாள்.

"நான்," என்றார் அருளப்பன்.

பிறகு பொங்கத் தொடங்கினார். பெஞ்சு நிறைந்தது, அறை நிறைந்தது. கோப்புகள் அவர் தோளில் ஏறி மேலே போயின. கட்டடம் எங்கோ ஆழத்தில் கடகடவென்றது. மாடிப்படிகள் ஒவ்வொன்றாக விக்கின. எழுத்தர், "எங்களுக்கு நெஞ்சைக் கரிக்குது," என்று முனகினார்.

அலுவலகம் நீளமாக ஓர் ஏப்பம் விட்டது. இருவரும் எதிர்ப்புறப் பேருந்து நிறுத்தத்தில் போய் விழுந்தார்கள். அங்கே நின்றவர்கள் கொஞ்சம் விலகி இடம் விட்டார்கள்.

பேருந்தில் மூன்று பேர் உட்காரும் இருக்கையை அருளப்பன் ஒருவரே நிறைத்தார்.

"கொஞ்சம் தள்ளி உக்காருங்க," என்றாள் பிலோமினா.

"மாட்டேன்."

கல்யாணமான பதினெட்டு வருடத்தில் அவர் வாயிலிருந்து அந்தச் சொல்லை அவள் கேட்டதில்லை. எரிச்சலாகத்தான் இருந்தது. ஒன்பது நிறுத்தமும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றே வந்தாள். நிறுத்தத்துக்கு ஒரு முறை குனிந்து, அவர் இன்னும் புளிக்கிறாரா என்று மோந்து பார்த்துக்கொண்டாள்.