சூடான மூலை

கியுஷிக் போர்வைக்குள் கையை விட்டான். சுட்டது.

"அம்மா இதை இங்கயா வெச்சிருந்தா?"

"வேற எங்க வெப்பா? வீட்டுலயே நல்ல இடம் அதுதானே," என்றாள் சித்தி மால்ஜா.

குளிருக்கு வீட்டைச் சூடாக்கத் தரைக்கடியில் ஓடும் வெந்நீர்க் குழாயின் சூடு முழுவதும் சேர்வது அடுக்களைச் சுவரை ஒட்டிய அந்த மூலையில்தான். இரண்டாக மடித்த நீலப் போர்வைக்குள், சார்ஜர் ஒயரோடு, அவனுடைய பழைய கேம் லேப்டாப் இருந்தது. கோஜே தீவுக்குக் கப்பல் கட்டும் வேலைக்குப் போனபோது இங்கே மொக்போவில் அம்மாவிடம் விட்டுப்போனது.

அம்மா நேற்றுக் காலை சந்தையில் மீனைப் புரட்டிப் பார்க்கக் குந்தியவள், எழவில்லை. இரங்கல் கூடத்தில் வெள்ளைச் சாமந்திகளுக்கு நடுவே படம் இல்லாத வெறும் சட்டம் நிற்கிறது. கொஞ்ச நேரத்தில் ஆட்கள் வந்துவிடுவார்கள்.

"படம் இல்லாம எல்லாரும் எதைப் பாத்துக் கும்புடுவாங்க, சுவத்தையா?" என்றாள் சித்தி.

நன்றாக விழுந்த படம் ஒன்றே ஒன்றுதான். அறுவடைத் திருநாளுக்கு வந்தபோது இதே லேப்டாப்பின் கேமராவில் அவன் எடுத்தது; வேறெங்கும் அது இல்லை.

பொத்தானை அழுத்தினான். விசிறி இரைந்தது. திரையில் அம்புக்குறி நாலு விரற்கடை நகர்ந்து உறைந்தது. பிறகு திரையே அணைந்துவிட்டது.

"அவளுக்கும் இதே பாடுதான்டா. நின்னு நின்னு போகுதும்பா."

ஞாயிறுதோறும் அவன் விடுதியிலிருந்தும் அம்மா இங்கிருந்தும் ஒரே விளையாட்டுக்குள் வருவார்கள். சிவப்புப் பாவாடை கட்டிய பெண் அம்மா. விளையாட்டில் வரும் பாலத்தின் பாதிக்குப் போனதும் அவள் விறைத்து நின்றுவிடுவாள். உடனே போன் வரும்.

"மத்ததெல்லாம் மூடினியாம்மா?"

"வாசக் கதவைக்கூட மூடிட்டேன்."

"சார்ஜர்?"

"சொருகித்தான் இருக்கு."

"படத்தோட தரத்தைக் குறைக்கச் சொன்னேனே?"

"குறைச்சாச்சு. உன் மூஞ்சி சப்பையாத் தெரியுது. சாப்பிட்டியா?"

"அடியில காத்துப் போற ஓட்டை அடைஞ்சிருக்கா பாரு."

"உன்னைப் பாத்துக்கிட்ட மாதிரி பாத்துக்கறேன்டா இதை."

எல்லாம் கேட்டான். எங்கே வைத்திருக்கிறாய் என்று மட்டும் கேட்கவில்லை.

"பள்ளிக்கூடம், டியூஷன் எல்லாம் முடிச்சு நீ வர்றதுக்குள்ள எல்லாரும் தூங்கிருப்போம்," என்றாள் சித்தி. "உன் சோத்துக் கிண்ணம் போர்வைக்குள்ள இந்த மூலையிலதான் இருக்கும். ஞாபகம் இருக்கா?"

"மூடியைத் தொறந்தா ஆவி மூஞ்சியில அடிக்கும்."

"அதே போர்வைதான்டா."

"லேப்டாப் சோறு இல்ல சித்தி. அது சூடாகவே கூடாது."

"அவகிட்ட யாரு சொன்னா?"

அவன் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு, கிம்ச்சி ஊறுகாய் ஜாடிகள் இருக்கும் பின்தாழ்வாரத்துக்குப் போனான். கண்ணாடிக்கு வெளியே பனி தூறிக்கொண்டிருந்தது. கவிழ்த்த ஜாடியின் மேல் இரண்டு கிண்ண மூடிகளை வைத்து, அவற்றின்மேல் லேப்டாப்பை உயர்த்தி வைத்தான். சித்தியின் கொண்டை ஊசியால் ஓட்டைகளைக் குடைந்தான். நீல நீலமாய்ப் பஞ்சு வந்தது.

சூடு இறங்கக் காத்திருந்தார்கள். மறுபடி அழுத்தினான். இந்த முறை விசிறி முனகக்கூட இல்லை; திரை அணையாமல் நின்றது.

படத்தைத் தேடித் திறந்தான். அதில் அம்மா வாயைப் பாதி திறந்திருந்தாள்.

"என்ன சொல்றா இதுல?"

"வாயில முள்ளங்கி இருக்கு, படம் எடுக்காதடாங்கறா."

சித்தி சிரித்தாள். சிரித்துக்கொண்டே மூக்கைத் துடைத்தாள். அவன் இரங்கல் கூடத்துக்குப் படத்தை அனுப்பினான். சித்தி வண்டிக்குச் சொல்ல உள்ளே போனாள்.

அவன் விளையாட்டைத் திறந்தான். போன ஞாயிறு விட்ட இடத்தில், பாலத்து முனையில், சிவப்புப் பாவாடை நின்றது. விசையை அழுத்தினான். அவள் நடந்தாள். ஒரு தடங்கலும் இல்லை.

விளையாட்டு தடங்கலில்லாமல் ஓடும்போது அம்மா பேசமாட்டாள். கண் முழுதும் திரையில் இருக்கும். நின்றுபோனால்தான் பேச்சு. அவன் பாலத்தில் திரும்பி வந்து அவள் பக்கத்தில் நிற்பான். முள்ளங்கி விலையேறியது, எதிர்வீட்டுக்காரி முடியைச் சுருட்டிக்கொண்டது, கோஜேவில் காற்று எப்படி, சாப்பிட்டியா.

சிவப்புப் பாவாடை பாதிப் பாலத்துக்கு வந்துவிட்டது. நிற்பதாயில்லை.

"வண்டி வந்துடுச்சுடா."

"இதோ வர்றேன் சித்தி."

அவள் எப்போதும் விறைத்து நிற்கும் இடத்திலேயே, அவன் விசையிலிருந்து விரலை எடுத்தான்.