மேல்கணக்குக்குப் போகும் சைக்கிள்

மலையில் சைக்கிள் ஓடாது என்று இனி யாராவது என்னிடம் சொன்னால், அவர்கள் கையில் எட்டு லீட்டர் பாலைக் கொடுத்து விடிகாலை ஐந்து மணிக்கு எங்கள் லயத்து வாசலில் நிறுத்திவிடுவேன். நடந்து ஏறிப் பார்க்கட்டும். அப்புறம் வந்து வாய் திறக்கட்டும்.

என் பெயர் பிரேமினி. ஹட்டனுக்கும் றொசல்ல ஸ்டேஷனுக்கும் நடுவில் ஒரு தோட்டத்தில் இருக்கிறோம். தோட்டத்தை மேல்கணக்கு, கீழ்கணக்கு என்று இரண்டாகப் பிரித்திருக்கிறார்கள். நான் குடியிருப்பது கீழ்கணக்கு லயத்தில், ஒரே கூரைக்குள் வரிசையாய் இருக்கும் காம்பரா ஒன்றில். ஒன்பது வருஷம் கொழுந்து பறித்த பிறகு எனக்கு வேறு வேலை கிடைத்தது. அதுவும் எங்கே? மேல்கணக்கில், பிள்ளைக் காம்பராவில். தாய்மார் மலைக்குப் போகும்போது கைக்குழந்தைகளை விட்டுப் போகிற இடம் அது. பார்த்துக்கொள்கிறவளை டீச்சர் என்பார்கள். மூன்று மாதம் பார்த்துவிட்டுத்தான் நிரந்தரம் என்றார்கள். சரி, பாருங்கள் என்றேன்.

காலை ஏழு மணிக்குப் பெரட்டு. வேலைக்கு வந்தவர்களை வரிசையில் நிறுத்திப் பெயர் பதிவார்கள். ஏழுக்கு அங்கே நிற்காதவளுக்கு அன்றைக்கு அரைப்பேர்தான், பாதி நாள் சம்பளம். நான் ஆறரைக்குக் கதவைத் திறந்தால்தான் பதினான்கு தாய்மாரும் பிள்ளையை விட்டுவிட்டு ஓடிப்போய் வரிசையில் நிற்க முடியும். நான் பிந்தினால் பதினான்கு பேருக்கும் அரைப்பேர்.

முதல் மாதம் தோட்டத்து டிராக்டரில் போனேன். பிறகு வந்தது அந்தப் பாழாய்ப்போன இரண்டாயிரத்து இருபத்திரண்டு. டீசல் இல்லை, டிராக்டர் நின்றது. பெட்ரோல் இல்லை, என் வீட்டுக்காரர் விஜிதரனின் ஆட்டோ லயத்து முற்றத்தில் படங்கு போர்த்திப் படுத்தது. கடையில் பால்மா இல்லை, ஆகவே கீழ்கணக்கில் மாடு வைத்திருப்பவர்களிடம் பிள்ளைகளுக்குப் பால் வாங்கி நானே மேலே கொண்டுபோக வேண்டும். குறுக்குப்பாதை மே மாத மழையில் சரிந்துவிட்டது. மிச்சம் இருந்தது ஆறு கிலோமீட்டர் தார் ரோடு, அதில் கடைசி இரண்டும் செங்குத்து. பால் கறந்து கைக்கு வரவே ஐந்தேகால் ஆகிவிடும். முதல் நாள் நடந்தே போனேன். ஏழு பத்துக்குத்தான் போய்ச் சேர்ந்தேன்.

மேல்கணக்கில் பெரட்டு நடத்துகிறவர் கணக்குப்பிள்ளை முத்துலிங்கம். அவருடைய தங்கை மகள் படிப்பை முடித்துவிட்டு என் வேலைக்காகக் காத்திருந்தாள். தோட்டமே அறிந்த சேதி.

"இந்தா பாரும்மா, ஒங்க ஒருத்தியால பதினாலு பேருக்கு அரைப்பேரு," என்றார். "முடியலன்னா முடியலன்னு சொல்லிப்புடுங்க. வேலைக்கு ஆளா இல்ல?"

எனக்குச் சுள்ளென்று ஏறியது. முடியவில்லை என்று சொல்வேனா நான்?

அன்று மாலையே பக்கத்துக் காம்பரா தெரேசா அக்காவின் கோழிக்கூட்டு மேலிருந்து ஒரு கியர் சைக்கிளை இறக்கினேன். கொழும்புக்கு வேலைக்குப் போன அவர் மகன் விட்டுப்போனது.

"எடுத்துக்க புள்ள. கோழி உக்காந்து பேண்டு வைக்கத்தான் கெடக்கு," என்றார் அக்கா.

விஜி தலையில் கை வைத்தார். "பிரேமி, ஒனக்கு என்னா பைத்தியமா? கிளிநொச்சியில நீ ஓட்டுன ரோடு தோசக்கல்லு. இங்க மூஞ்சியப் பேத்துக்குவ!"

சின்ன வயதில் கிளிநொச்சியில் சித்தி வீட்டிலிருந்து மூன்று வருஷம் பள்ளிக்குச் சைக்கிளில் போனவள் நான். ஓட்டத் தெரியும். ஏற்றத்தில் ஓட்டத் தெரியாது, அவ்வளவுதான்.

சைக்கிளில் கோழி எச்சம் போக மிச்சமெல்லாம் துரு. மண்ணெண்ணெயும் கிடைக்காத நாட்கள். சவுக்காரத் தண்ணீரும் பழைய பல் பிரஷும் கொண்டு சங்கிலியை ஒவ்வொரு கண்ணியாகத் தேய்த்தேன். சீட்டை உயர்த்தினேன். கிளிநொச்சியில் பாதம் தரையில் படுகிற மாதிரித் தாழ்த்தி வைத்து ஓட்டுவோம். அப்படி ஓட்டினால் ஏற்றத்தில் முழங்கால் செத்துப்போகும். பெடல் கீழே போகும்போது கால் கிட்டத்தட்ட நீள வேண்டும். பாவாடை சிக்காமல் இருக்கப் பெயின்ட் வாளியை வெட்டிச் சங்கிலிக்கு மூடி போட்டேன். பாவாடைக்குள் விஜியின் டிராக் சூட். உர பீப்பாயில் அரை வட்டம் வெட்டி மட்கார்ட். ஹட்டன் டவுனில் காசு கொடுத்து வாங்கியது பிரேக் கட்டைகள் மட்டும்தான். ஏறினால் இறங்கவும் வேண்டுமே!

கியர் மாற்றுகிற வயர்தான் அறுந்து கிடந்தது. ஆட்டோவின் சோக் வயர் அளவாக இருக்கும் என்று பட்டது. வாய்விட்டுக் கேட்டேன்.

"ஆட்டோ மேல கை வச்ச, அப்புறம் நடக்குறதே வேற!" என்று குதித்தார் விஜி.

போங்கள் என்று விட்டுவிட்டேன். முன்னால் சின்னப் பல்சக்கரம், பின்னால் பெரிய பல்சக்கரம். சங்கிலியைக் கையாலேயே அவற்றின் மேல் போட்டு, அது நழுவாதபடி கியர் கையைக் கட்டுக்கம்பியால் இறுக்கிக் கட்டினேன். பதினெட்டு கியரில் எனக்குக் கிடைத்தது ஒன்று. ஏற்றத்துக்குச் சரி. சமதரையில்தான் கால் ராட்டினமாகச் சுற்றும், வண்டி நகராது.

எல்லாம் சரி. பால் கேனைக் கட்டினேன் பாருங்கள், அங்கேதான் மடைச்சியானேன்.

எங்கள் லயத்தில் எந்தப் பெண்ணைக் கேட்டாலும் பாரம் என்றால் முதுகு என்பாள். கொழுந்துக் கூடை தலைக்கயிற்றில் தொங்கி முதுகில் இருக்கும். ஒன்பது வருஷப் பழக்கம். எட்டு லீட்டர் கேனைப் பின் கேரியரில் உயர்த்தி வைத்து, என் பழைய தலைக்கயிற்றையே எடுத்து சீட்டோடு சேர்த்துக் கட்டினேன். கூடை மாதிரியே பின்னால் சாய்ந்து நின்றது. பார்க்க எனக்கே பெருமையாக இருந்தது.

ராத்திரி முழுக்க வேலை செய்துவிட்டு, மறுநாள் வெள்ளிக்கிழமை மாடசாமி கோயில் முடக்கு வரை ஏறினேன். அந்த வளைவில் ரோடு சுவர் போல நிமிரும். எழும்பி நின்று பெடலை மிதித்தேன். முன்சக்கரம் அப்படியே வானத்தைப் பார்த்தது. நான் பின்னால் விழுந்தேன், என்மேல் சைக்கிள் விழுந்தது. கேன் மூடி கழன்று பால் முழுக்க ரோட்டில் ஓடியது. கோயில் நாய்கள் இரண்டும் மாடசாமியே அனுப்பிவைத்த மாதிரி வந்து நக்கின.

முழங்கை கிழிய, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஏழு இருபதுக்குப் போனேன். பதினான்கு பேரும் இடுப்பில் பிள்ளையோடு பூட்டிய கதவுக்கு முன்னால் நின்றார்கள். பெரட்டு முடிந்திருந்தது. ராக்காயி என்று ஒருத்தி. பெயர்தான் பழசு, வயது இருபத்தாறு, வாய் நூற்றுக்கு நூறு. அவள் ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன்.

"ஒங்களத்தான டீச்சர் நம்பி வந்தோம்," என்றாள். அன்று பிள்ளைகளுக்குப் பாலில்லாத வெறும் சாயத்தண்ணிதான் கொடுத்தேன்.

முத்துலிங்கம் ஐயா தன் மோட்டார் சைக்கிளில் சாய்ந்துகொண்டு சிரித்தார். "மலையில சைக்கிளாம்! கேட்டீங்களா கதைய? திங்கக்கெழமையும் பிந்துனீங்கன்னா, செவ்வாக்கெழம என் தங்கச்சி மக வந்து கதவத் தெறப்பா. எனக்கு மேல உள்ள கண்டாக்கையாகிட்டயும் சொல்லியாச்சு."

வீட்டுக்கு வந்து அழுதேன். மறைவாக எல்லாம் இல்லை, அடுப்படியில் உட்கார்ந்து ஓவென்று அழுதேன். விஜி என் முழங்கையைப் பார்த்தார். எழுந்து வெளியே போனார். கொஞ்ச நேரத்தில் ஸ்பேனர் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தால், மனுஷன் ஆட்டோவின் படங்கை நீக்கிவிட்டுப் பின் சீட்டுக்குப் பின்னால் இருந்த சாமான் கம்பியைக் கழற்றிக்கொண்டிருக்கிறார். சோக் வயர் ஏற்கெனவே அவர் தோளில் தொங்கியது.

"என்னாங்க பண்றீங்க?"

"ஆட்டோ எங்க ஓடிப்போகப் போவுது? பெட்ரோல் வந்தா பாத்துக்கலாம். நீ மொதல்ல மேல ஏறு."

அவர் கல்யாணத்துக்கு முன்பே வாங்கிய ஆட்டோ அது. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் குளிப்பாட்டிச் சந்தனம் வைப்பார். எனக்கு அந்த மனுஷன் மேல் வந்த ஆசையில் அங்கேயே கட்டிப்பிடித்திருப்பேன். லயமே பார்த்துக்கொண்டிருந்ததால் விட்டுவிட்டேன்.

"சரி, எப்புடி விழுந்த?" என்றார்.

"முன் வீல் எந்திரிச்சிருச்சு."

"கூடையோட ஏத்தத்துல போறப்ப மட்டும் எப்புடி விழாமப் போற?"

"முன்னுக்குக் குனிஞ்சுதான்."

சொல்லி முடிக்கும்போதே எனக்கு விளங்கிவிட்டது. முதுகில் பாரம் இருந்தால் நாம் குனிந்து அதைச் சமாளிக்கிறோம். சைக்கிள் எங்கே குனியும்?

"ஏங்க, அதுக்கு இடுப்பு இல்லீங்க!" என்று கத்தினேன். "பாரத்த முன்னுக்குக் கட்டணும்!"

சனிக்கிழமை தோட்டத்துக்கு லீவு, நாள் முழுக்க அதே வேலை. ஆட்டோக் கம்பியை வளைத்து முன்சக்கரத்துக்கு இரண்டு பக்கமும் தாங்கி செய்தோம். ஒரு பெரிய கேனுக்குப் பதிலாக நாலு லீட்டர் கேன் இரண்டு. சத்தம் போடாமலும் ஆடாமலும் இருக்கப் பழைய டியூபைக் கிழித்துச் சுற்றிக் கட்டினேன். சோக் வயரைப் பூட்டியதும் கியர் டக்கென்று மாறியது. அந்தச் சத்தம் என் காதுக்கு அவ்வளவு இனிமையாக இருந்தது. தண்ணீர் நிரப்பி ஓட்டிப் பார்த்தேன். ஹேண்டில் இரண்டு பக்கமும் இழுத்தது. கேன்களைச் சக்கரத்தின் அச்சு உயரத்துக்கு இறக்கினோம். ஆட்டம் அடங்கியது.

ஞாயிற்றுக்கிழமை தண்ணீரோடு மாடசாமி முடக்கு வரை போனேன். சின்னப் பல்லில் போட்டு, எழும்பாமல், சீட்டில் உட்கார்ந்தபடியே மிதித்தேன். முன்சக்கரம் ரோட்டை விட்டு ஒரு மயிரிழை கூட எழும்பவில்லை. நாய்கள் வந்து பார்த்துவிட்டு ஏமாந்து போயின.

திங்கட்கிழமை பனி இறங்கியிருந்தது, தூறலும் இருந்தது. பாலை வாங்கிக்கொண்டு ஐந்து இருபதுக்குப் புறப்பட்டேன். சமதரையில் பெரிய பல்லில் பறந்தேன். ஸ்டோர் சந்தி தாண்டியதும் கியரை இறக்கினேன். மூச்சு வாங்கியது, கால் கடுத்தது, ஆனால் வண்டி ஏறிக்கொண்டே இருந்தது. முடக்கு நெருங்கியது. இங்கே நின்றால் மறுபடி எடுக்க முடியாது. விழுந்தால் வேலை போகும்.

முடக்கில் பனிக்குள் யாரோ ரோட்டு நடுவில் எதையோ தள்ளிக்கொண்டு போனார்கள். கிட்டப் போனதும் பார்த்தேன். முத்துலிங்கம் ஐயா! அவர் குடியிருக்கும் ஸ்டாஃப் குவாட்டர்ஸ் கீழ்கணக்கில்தான் இருக்கிறது. ஒளித்து வைத்திருந்த பெட்ரோலும் தீர்ந்துபோய், மோட்டார் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு, ரெயின்கோட்டுக்குள் வியர்த்து, இரண்டு எட்டுக்கு ஒருமுறை நின்று நின்று போகிறார்.

பெல் அடித்தேன். "ஐயா! கொஞ்சம் ஓரம்!"

திரும்பிப் பார்த்தவர் வாயைத் திறந்தபடியே ஓரம் போனார். "அட, பிரேமினி... எப்புடிம்மா..."

நிற்கவில்லை. நின்றால்தான் எடுக்க முடியாதே! மிதித்தேன். முடக்கு முடிந்தது, கோயில் மணி தொங்கும் மரம் பின்னால் போனது, சக்கரம் இரண்டும் தரையில் இருந்தன. மாடசாமியைப் பார்த்து ஒரு கும்பிடு போடக்கூடக் கை விட முடியவில்லை, வாயால் போட்டேன்.

ஆறு இருபத்தைந்துக்குக் கதவைத் திறந்தேன். ஒரு சொட்டுப் பால் சிந்தவில்லை. முதலில் வந்தவள் ராக்காயி. கேன்களைப் பார்த்தாள், சைக்கிளைப் பார்த்தாள், என் சேறு அப்பிய டிராக் சூட்டைப் பார்த்தாள். பிள்ளையை என் கையில் திணித்துவிட்டு என் கன்னத்தைக் கிள்ளினாள். "அடி ஆத்தி! சாதிச்சுப்புட்டீங்களே டீச்சர்!"

ஏழு மணிக்குப் பதினான்கு பேரும் பெரட்டுக் களத்தில் நின்றார்கள். கங்காணியும் நின்றார். பெயர் பதிகிறவரைத்தான் காணோம். ஏழு இருபதுக்கு, மோட்டார் சைக்கிளை எங்கேயோ விட்டுவிட்டு, மூச்சு இரைக்க அவர் வந்து சேர்ந்தார். பிள்ளைக் காம்பரா ஜன்னலிலிருந்து எல்லாம் எனக்குக் கேட்டது.

ராக்காயிதான் கேட்டாள். மிகவும் மரியாதையாகவே கேட்டாள். "ஏன்ங்க ஐயா, இன்னைக்கு ஒங்களுக்கு முழுப்பேருங்களா, அரைப்பேருங்களா?"

களமே குலுங்கியது. கங்காணி தொப்பியால் முகத்தை மறைத்துக்கொண்டார். எனக்குச் சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது, கைக்குழந்தை ஒன்று பயந்துபோய் அழ ஆரம்பித்தது.

முத்துலிங்கம் ஐயா எல்லோருக்கும் முழுப்பேர் பதிந்தார். வெள்ளிக்கிழமை பிந்திய பதினான்கு பேரையும் கூப்பிட்டு, சனிக்கிழமை பின்னேரம் மிச்ச நேரத்தைச் செய்தால் அதையும் முழுப்பேராக ஆக்கித் தருவதாகச் சொன்னார். அதை யாரும் அவரிடம் கேட்கவில்லை.

பிறகு பிள்ளைக் காம்பரா வாசலுக்கு வந்தார். உள்ளே வரவில்லை. என் சைக்கிளைச் சுற்றிச் சுற்றி வந்தார், குனிந்து பல்சக்கரத்தைத் தொட்டுப் பார்த்தார்.

"கதவு இனிமே ஒங்க பொறுப்புதாம்மா. தங்கச்சி மகளுக்கு வேற எடம் பாக்குறேன்," என்றார். பிறகு தொண்டையைக் கனைத்தார். "வீட்டுல மகனோட கியர் சைக்கிள் ஒன்னு சும்மா கெடக்கு. இந்த மாதிரி செஞ்சா... என்னையும் ஏத்துமா?"

அவர் வயிற்றைப் பார்த்தேன். முன்பக்கப் பாரம் ஏற்கெனவே தாராளமாக இருந்தது.

"கட்டாயம் ஏத்தும்ங்க ஐயா. சனிக்கெழம எங்க லயத்துக்குக் கொண்டாங்க, நானும் விஜியும் செஞ்சு தாறோம்," என்றேன். "ஆனா காலையில ஆறரைக்கே வந்துருங்க. பிந்துனீங்கன்னா அரைச் சைக்கிள்தான் கெடைக்கும்."