நாற்பத்து மூன்று சம்மதத் தாள்கள்

“திரும்பி வர்ற தேதியை எழுத்துல கொடுங்க சார்.”

எதை வேண்டுமானாலும் கேள், தேதியை மட்டும் எழுத்தில் கேட்டுவிடாதே என்று வேலையில் சேர்ந்த அன்றே மேற்பார்வையாளர் அக்கா படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். இன்று அவள் கேட்டுவிட்டாள். குடியிருப்புச் சீரமைப்பு அதிகாரி பேனாவை மூடினார்.

“உனக்குத் தெரியாததா? ரெண்டு வருஷம். கட்டி முடிச்சதும் எல்லாரும் அதே சந்துக்கு வந்துடுவாங்க.”

“அதையே எழுதுங்க.”

“எழுதினா நான் மாட்டிப்பேன்மா.”

“எழுதலன்னா நான் மாட்டிப்பேன். உங்க வீடு வேற தெருவுல இருக்கு சார்.”

அவள் கை தாள்கட்டின் மேல் இருந்தது. இடித்துக் கட்ட வீட்டைக் காலி செய்கிறோம் என்று, வீட்டுக்கு ஒன்றாக நாற்பத்து மூன்று சம்மதத் தாள்கள். அந்தச் சந்திலிருந்து கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் அவள்தான். அலுவலகத்துக்கும் சந்துக்கும் நடுவில் நிற்க அவளை வேலைக்கு எடுத்ததும் அதனால்தான். எந்த வீட்டிலும் அவளிடம் விளக்கம் கேட்கவில்லை. பக்கத்து வீட்டுத் தையல்கார அத்தை மிஷினிலிருந்து தலையைக்கூடத் தூக்கவில்லை. “கையெழுத்து எங்கடி போடணும்?” என்றதோடு சரி.

இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒற்றைச் செங்கல் சுவர். சின்ன வயதில் ஏழாம் வாய்ப்பாட்டில் திணறினால் அந்தப் பக்கம் மிஷின் நிற்கும். “அம்பத்தாறுடி. தூங்கிட்டியா?” பரீட்சை முடிவை அப்பா வாசித்து முடிக்குமுன் சுவர் கைதட்டியது. ரகசியமாக அழக்கூட முடியாத வீடு என்று அப்போது எரிச்சல்பட்டிருக்கிறாள். கல்லூரி விடுதியின் தடித்த சுவர்களுக்குள் ஒரு வாரம் தூக்கமே வரவில்லை. புதிய கட்டடத்தின் வரைபடத்திலும் சுவர்கள் தடிமன்தான். அந்தப் பக்கம் யார் இருப்பார்கள் என்றுதான் எங்கும் போடவில்லை.

“நீ சொன்னா அவங்க கேக்கறாங்க. அது பெரிய விஷயம். கெடுத்துக்காதே,” என்றார் அதிகாரி.

“கேக்கறாங்க சார். அதான் தேதி கேக்கறேன்.”

“பேப்பர் கட்டை வெச்சுட்டுப் போ. மத்தியானம் ஃபைல் மேலே போகணும்.”

அவள் கட்டை மார்போடு அணைத்துக்கொண்டு எழுந்தாள்.

“எங்கே எடுத்துட்டுப் போற?”

“கையெழுத்து போட்டவங்ககிட்ட.”

“வேலை போயிடும்.”

“தெரியும். அதை மட்டும் எழுத்துல கொடுத்துடுவீங்க.”

அம்மாவின் தாள்தான் எல்லாவற்றுக்கும் மேலே இருந்தது. காலையில் கட்டும்போதே, முதலில் திருப்பிக் கொடுக்க வசதியாக, அவள்தான் அதை மேலே வைத்திருந்தாள். கதவைச் சாத்தாமலே படியிறங்கினாள்.