பதினாலு கேபி

சமயநல்லூருக்கு மேற்கே கண்மாய்க் கரையில் லாரி வைத்து மண் அள்ளிக்கொண்டிருந்தார்கள். கரைக்கு நேர் கீழே இம்மானுவேலின் தெரு, நாற்பது வீடுகள். ஐப்பசி மழைக்குக் கண்மாய் பெருகினால், அரைக் கரை என்ன தாங்கும்? வீடும் போகும், ஆளும் போகும். தாலுகா ஆபீசில் புகார் கொடுக்கப் போன இம்மானுவேலிடம் அதிகாரி ஒளிக்காமல் சொன்னார்: "வாயால சொல்ற லாரி நம்பர் நிக்காதுப்பா. நம்பர் தெரியுற மாதிரி போட்டோ கொண்டா. அள்ளினவனை வச்சே கரையை அடைக்க வைக்கிறேன்."

டிஜிட்டல் கேமரா என்பதை ஊர் பார்த்தே இரண்டு வருஷம்தான் இருக்கும். அதைக் கேட்டவுடன் எடுத்துக் கொடுத்தவன் மலைச்சாமி. அதே தெருவில் பிறந்தவன், ஒன்றாம் வகுப்பிலிருந்து கூட்டாளி, இப்போது மெயின் ரோட்டில் பிரவுசிங் சென்டர் வைத்திருக்கிறான். இம்மானுவேல் கருவேலம் புதருக்குள் முள் கிழிக்கக் கிழிக்க உட்கார்ந்து, விடிந்ததும் ஏழு படம் எடுத்தான். லாரியின் நம்பர் பளிச்சென்று விழுந்தது ஒன்றே ஒன்றில்தான்.

"சிடில போட்டுத் தாரேன் மாப்ள. எடம் பத்தாது, கொஞ்சம் கொறச்சுத்தான் போடணும்" என்றான் மலைச்சாமி. கேமராவில் இருந்ததையெல்லாம் அழித்தும் விட்டான். அதற்கப்புறம் லாரி வரவில்லை. அள்ள வேண்டியதை அள்ளியாயிற்றே, எதற்கு வரும்?

அதிகாரியின் அலுவலகத்தில் கம்ப்யூட்டர் பார்க்கும் தேவிகா, சிடியில் நம்பர் விழுந்த அந்தப் படத்தைத் திறந்து பெரிதாக்கினாள். நம்பர் இருந்த இடத்தில் மஞ்சளும் கறுப்புமாகக் கட்டம் கட்டமாக நின்றது.

"அண்ணே, மத்த ஆறு படமும் நானூறு கேபிக்கு மேல இருக்கு. இது மட்டும் பதினாலு கேபி. தரத்தை அடிமட்டத்துக்கு எறக்கி ஜேபெக்கா சேமிச்சிருக்காங்க. போனது போனதுதான், திரும்ப வராது."

"எடம் பத்தலைன்னு சொன்னான்மா."

"சிடி எழுநூறு எம்பிண்ணே. இந்த மாதிரி நூத்துக்கணக்குல போடலாம்."

இம்மானுவேல் கணக்குப் போட்டான். ஏழில் ஆறு நன்றாக இருக்கிறது. கெட்டது அந்த ஒன்று மட்டும். கை தவறி நடக்கிற காரியமா இது? யாரோ ஒருவன் செய்திருந்தால் ஆத்திரத்தோடு போயிருக்கும். நம்ப வைத்துக் கழுத்தை அறுத்தது மலைச்சாமி என்பதைத்தான் அவனால் தாங்க முடியவில்லை.

பஸ் ஏறும்போதே தூறல் விழுந்தது. பிரவுசிங் சென்டருக்குள் நனைந்தபடி நுழைந்து, சிடியை மேஜைமேல் வைத்தான்.

"ஏன்டா இப்படிச் செஞ்ச?"

மலைச்சாமி மழுப்பவில்லை. "கடை லாரிக்காரரு கட்டடத்துல இருக்கு மாப்ள. காலி பண்ணச் சொன்னா நான் எங்கிட்டுப் போவேன்?"

"கரை ஒடஞ்சா நாங்க எங்கிட்டுடா போவோம்? ஒங்க ஆத்தாளும் அந்தக் கரைக்கு அடியிலதானடா படுத்திருக்கு!"

மலைச்சாமி மானிட்டரைப் பார்த்துக்கொண்டே சொன்னான்: "ஆத்தாவைப் போன வாரமே இங்க கூட்டியாந்துட்டேன்."